குடத்துக்குள் கேமரா

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்த நான்காவது மாதம், என் மனைவி எனக்கு ஒரே ஒரு ஃபிலிம் ரோல் அவகாசம் கொடுத்தாள். முப்பத்தாறு படம். அதில் ஒன்றாவது ஹாலில் மாட்டுகிற மாதிரி இருந்தால் கேமரா என்னிடமே இருக்கும்; காலையில் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறேன் என்று கேட்க மாட்டாள். ஒன்றுகூடத் தேறாவிட்டால், ஒன்றாம் தேதியிலிருந்து அவள் தம்பியின் கல்யாண மண்டபத்துக்கு நான் மேனேஜர்.

மண்டபம் பெரிய முதலியார்சாவடியில் இருக்கிறது. "சும்மா இருந்தா உடம்பு கெட்டுடும் மாமா," என்று மச்சான் போனில் அன்பாகத்தான் சொல்வான். "உங்களுக்குன்னு தனி ரூம் தர்றேன். ஏசி போட்டுத் தர்றேன்."

அந்தத் தனி ரூமை நான் பார்த்திருக்கிறேன். சமையற்கட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருக்கிறது. முகூர்த்த நாளில் ரசம் பத்தவில்லை என்றாலும், மைக் அலறினாலும், மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குத் தலையணை கிடைக்கவில்லை என்றாலும் எல்லாரும் மேனேஜரைத்தான் தேடுவார்கள். நான் ஒரு அரசு அலுவலகத்தில் இருபத்தொன்பது வருஷம், யாராவது தேடுகிற நேரமாகப் பார்த்து டீ குடிக்கப் போனவன். இந்த வயதில் தேடினால் கிடைக்கிற இடத்தில் உட்காரச் சொன்னால் எப்படி முடியும்?

கேமரா புதிது இல்லை. கல்யாணத்துக்கு முன்பு நான் வாங்கியது. பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் வரை உழைத்துவிட்டு, பீரோவின் மேல்தட்டில் அந்துருண்டைகளோடு தூங்கிக்கொண்டிருந்தது. பென்ஷன் காகிதம் தேடும்போது கையில் அகப்பட்டது. பெட்டியைத் திறந்து, ஃபிலிம் இல்லாமலேயே ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். 'ளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டேன்.

"போன்லயே எடுக்கலாமே," என்றாள் மனைவி.

போனில் எடுப்பது படமே இல்லை என்று அரைமணி நேரம் விளக்கினேன். வெளிச்சத்தை எப்படி அளப்பது, ஒரு படத்துக்காக எப்படிக் காத்திருப்பது, அந்தக் காலத்தில் நான் எப்படியெல்லாம் எடுத்தேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அப்புறம் எட்டு நாள் அலைந்து, தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்த காக்காயில் தொடங்கி மரக்காணம் பஸ் நிலையம்வரைக்கும் முப்பத்தாறு படம் எடுத்து, புதுச்சேரியில் இன்னும் ஃபிலிம் கழுவுகிற ஒரே கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இருட்டறையிலிருந்து வெளியே வந்து, வெறும் பட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"ரோலு நகரவே இல்ல சார். பல்லுல சரியா மாட்டல."

இரண்டாவது ரோல் நகர்ந்தது. ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் கலைஞன் மாதிரி இருக்கும் என்று நினைத்து எடுத்ததில் ஒரு படத்திலும் ஒரு உருவமும் தெளிவாக இல்லை. எங்கள் தெரு பூராவும் காலை மூடுபனியில் மூழ்கின மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டில் மேற்படி தீர்ப்பு வந்தது.

மூன்றாவது ரோலோடு எங்கள் மரக்காணத்து உப்பளத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் முழங்கை நீள லென்ஸோடு வந்து எடுக்கிற இடம். உள்ளூர்க்காரனான நானோ பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. உள்ளே கால் வைத்ததில்லை.

பங்குனி மாசம். ஆறரை மணிக்கே வெயில் முதுகில் கை வைத்துவிட்டது. பாத்தி பாத்தியாக வானம் கிடந்தது. ஐந்து பெண்கள் கூடையில் உப்பைச் சுமந்து வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேலே ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு, காலில் ஒன்றும் இல்லை. நான் கேமராவை எடுத்ததுதான் தாமதம், முன்னால் வந்த அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், நடையை நிறுத்திப் பக்கவாட்டில் திரும்பி, கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சைடு போதுமா, நேராவும் வேணுமா?"

"இல்லக்கா, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. இயற்கையா இருக்கணும்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க," என்றார். "அப்புறம், கொஞ்சம் இந்தாண்ட வா, கொஞ்சம் அந்தாண்ட போங்குறாங்க."

பின்னால் வந்தவர் கேட்டார்: "உப்ப அள்ளி மேல தூவணுமா சார்? போன வாரம் ஒருத்தரு பத்து வாட்டி தூவச் சொன்னாரு."

"தூவாதடி. இவரு சின்ன கேமராதான் வெச்சிருக்காரு," என்றார் மூன்றாமவர். ஐந்து பேரும் சிரித்தார்கள்.

அக்கா என் பக்கம் பார்த்து, "ஆமா, இந்நேரத்துக்கு வந்திருக்கிறியே சார். நேத்து வந்தவரு இருட்டோட வந்து உக்காந்துட்டாரு. இப்ப எடுத்தா வெளுத்துப் போவும்," என்று எனக்கு வெளிச்சப் பாடம் நடத்தினார். நான் வீட்டில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன பாடம் அது. "அப்புறம் அந்த ஷூவக் கழட்டிடு. வரப்பு வழுக்கும். பாத்தியில சேறு ஏறிச்சின்னா உப்பு கறுத்துடும்."

கழற்றியிருக்கலாம். ஐம்பத்துநாலு வயது ஆள், புது ஷூ, குனிந்து கயிற்றை அவிழ்த்து எழுந்தால் மூச்சு வாங்குவது ஐந்து பெண்களுக்குத் தெரிந்துவிடும். "பரவால்லக்கா, பாத்துக்கிறேன்," என்றேன்.

ஒரு மணி நேரம் எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ரோல் நகருகிறதா என்று பார்த்தேன். முப்பத்துநான்காவது படம். கூடையோடு அக்கா வருகிறார், பாத்தித் தண்ணீரில் அவர் தலைகீழாக வருகிறார், இரண்டும் சேர்ந்து சட்டத்துக்குள் வர இன்னும் ஒரே ஒரு அடி பின்னால் போகவேண்டும். போனேன். அமுக்கினேன். அமுக்கின சத்தமும் நான் விழுந்த சத்தமும் ஒன்றாகவே கேட்டன.

விழுந்தது உப்புத் தண்ணீர் தேக்கியிருந்த பெரிய பாத்தியில். முழங்கால் ஆழம்தான். அதில் ஒரு மனிதன் முழுசாக மூழ்க முடியும் என்பதை அன்றைக்கு நான் நிரூபித்தேன். கழுத்தில் பட்டையோடு தொங்கிய கேமராவும் என்னோடு மூழ்கி, என்னோடு எழுந்தது. லென்ஸிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்குக் கண்முன்னால் பெரிய முதலியார்சாவடி ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது.

நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "ஐயோ" என்றேன். கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்தேன். அது கேமராவைவிட ஈரமாக இருந்தது. வாயால் ஊதினேன். கேமராவைச் சூரியனுக்கு நேராக, ஏதோ படைக்கிறவன் மாதிரி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

"காய உடாத சார்!" என்று கத்திக்கொண்டே அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"காஞ்சாத்தானேக்கா சரியாவும்!"

"எங்க வந்து என்னா பேசுற? இந்தத் தண்ணி காஞ்சா என்னா ஆவும்? அங்க குமிச்சி வெச்சிருக்கிறோமே, அது ஆவும்!"

பேச நேரம் கொடுக்கவில்லை. கேமராவை என் கழுத்திலிருந்து உருவி, வரப்பின் ஓரத்தில் ஓலை மறைப்பில் வைத்திருந்த பச்சை பிளாஸ்டிக் குடத்தின் மூடியைத் திறந்து, உள்ளே முக்கிவிட்டார். நான் அலறிய அலறலில் பக்கத்து உப்பளத்துக் கொக்குகள் எழுந்து பறந்தன. அது அவர்கள் ஐந்து பேரும் குடிப்பதற்காக வீட்டிலிருந்து சுமந்து வந்த நல்ல தண்ணீர். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

"கடப்பாறையோ, கைக்கடியாரமோ, இதுல எது உழுந்தாலும் நல்ல தண்ணியில அலசிடணும். கடைக்குப் போற வரைக்கும் தண்ணியிலயே இருக்கட்டும்," என்றார்.

சரி என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. குடத்தை அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு ஷூ பாத்திச் சேற்றிலேயே போய்விட்டது, இன்னொன்றை உதறிவிட்டேன். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தை ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன்; வண்டி நகர்ந்ததும் குடம் சாய்ந்தது. அங்கேயே போட்டுவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பஸ்ஸை நிறுத்தி ஏறினேன்.

வெறுங்கால், நனைந்த வேட்டி மாதிரி ஒட்டிக்கொண்ட பேன்ட், நெஞ்சோடு அணைத்த குடம், அதன் வாயில் என் கர்ச்சீப். நான் முணுமுணுத்துக்கொண்டே வந்திருக்கிறேன் போலிருக்கிறது. ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பக்கத்து சீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எந்தக் கோயில் தீர்த்தங்க?" என்றார்.

"தீர்த்தம் இல்லம்மா."

"வேண்டுதலா? பேசக் கூடாதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பொம்மையார்பாளையம் தாண்டும்போது பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தது, குடம் தளும்பி அவர் கையில் தெறித்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மிச்சத்தை மடியில் இருந்த பேத்தியின் தலையிலும் தடவினார். பின் சீட்டிலிருந்து இன்னொரு கை நீண்டது. நான் வேறு வழியில்லாமல் கர்ச்சீப்பை நனைத்து நாலு சொட்டு தெளித்தேன். அன்றைக்கு அந்த பஸ்ஸில் என் கேமரா தண்ணீர் பட்டு எத்தனை பேருக்கு நல்லது நடந்ததோ எனக்குத் தெரியாது. எனக்கு நடக்கவில்லை.

கடைக்காரர் குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லயே சார். காய விடாம கொண்டாந்திருக்கீங்க. காஞ்சிருந்தா ஃபிலிம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், கேமராவும் போயிருக்கும். யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"இதெல்லாம் தெரியாமலா கேமரா வெச்சிருக்கிறோம்?" என்றேன். கூசாமல் சொன்னேன்.

கேமராவைக் கழற்றித் துடைத்து நான்கு நாளில் தருவதாகச் சொன்னார். ஃபிலிமை அன்றைக்கே கழுவினார். முப்பத்துநாலில் இருபத்துமூன்று படம் திட்டுத் திட்டாக, தேமல் விழுந்த மாதிரி போய்விட்டது. பதினொன்று பிழைத்தது. பிழைத்ததில் கடைசிப் படமும் இருந்தது. கூடையோடு அக்கா, தண்ணீரில் தலைகீழாக அக்கா. பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு, காலிக் குடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஜெயித்த முகத்தோடு வந்தேன்.

மனைவி பதினொன்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "இது பரவால்ல." "இதுல என்னா இருக்குதுன்னு எடுத்தீங்க?" "இது வெறும் தரை." கடைசிப் படம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய், காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"இன்னும் பெருசா போட முடியுமா?" என்றாள்.

முடியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கண் கதவோரம் போனது.

"இது யாரு குடம்?"

"உப்பளத்துல குடுத்தாங்க. கேமராவ வெக்கிறதுக்கு."

"குடுத்தாங்களா, தூக்கிட்டு வந்தீங்களா?"

மின்விசிறியைப் பார்த்தேன்.

"அதுல என்னா இருந்துச்சு?"

"தண்ணிதான்."

"உப்பளத்துல ஏதுங்க நல்ல தண்ணி? அவங்க குடிக்கக் கொண்டாந்ததா?"

இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனை விசாரணையைச் சமாளித்திருப்பேன். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அஞ்சு பொம்பளைங்க," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பங்குனி வெயில்ல, உப்புல நின்னுக்கிட்டு. அவங்க தண்ணியில உங்க கேமராவக் குளிப்பாட்டி, குடத்தையும் தூக்கிட்டு வந்துட்டீங்க. திரும்பி ஒரு கேன் தண்ணி வாங்கிக் குடுத்துட்டுப் போவணும்னு தோணல. பஸ்ல ஊருக்கெல்லாம் தீர்த்தம் தெளிச்சிக்கிட்டுப் போயிருக்கீங்க."

தீர்த்தக் கதையை வந்ததும் வராததுமாகச் சிரித்துச் சிரித்துச் சொன்னது நான்தான்.

அவள் ஹாலுக்குப் போனாள். படத்தை எடுத்துவிட்டுக் காலண்டரைத் திரும்ப மாட்டினாள். "அந்தம்மா மூஞ்சிய இந்தச் சுவத்துல வெச்சி தெனம் என்னால பாக்க முடியாது. ஒன்னாந்தேதி மண்டபத்துக்குப் போங்க."

எதிர்த்துப் பேசுவதற்கு என்ன இருக்கிறது? நான் நல்ல படம் எடுத்தேன் என்றா?

மறுநாள் காலை நானும் அவளும் ஆட்டோவில் உப்பளத்துக்குப் போனோம். அவள் மடியில் பச்சைக் குடம், நிறைய தண்ணீர். என் காலடியில் இன்னும் இரண்டு கேன். பிரிண்டுகள் மஞ்சள் பையில். முந்தின நாள் விட்டுப்போன ஸ்கூட்டர் பக்கத்தில், சாலையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நான் இறங்கினேன்.

"சார் வந்துட்டாரு, குடமும் வந்துட்டுது!" என்று ஒருவர் கூவினார். அவர்கள் கோபமாக இருப்பார்கள் என்று நினைத்து வந்த எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கேவலமாக இருந்தது.

"நேத்து எப்படிச் சமாளிச்சீங்கக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"பக்கத்து அளத்துல ஆளுக்கு ஒரு மொடக்கு வாங்கினோம். அதுக்கு மேல அவங்களுக்கும் இல்ல. தலைய சுத்துதுன்னு ஒம்பது மணிக்கே வேலைய உட்டுட்டுக் கரை ஏறிட்டோம்," என்றார் அக்கா. என்னைப் பார்த்து, "பொட்டி பொழச்சிதா சார்?" என்றார்.

பிழைத்தது என்றேன். காய விடக் கூடாது என்று சொன்னது நீங்கள்தான் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. முறைத்தாள்.

பிறகு மஞ்சள் பையைப் பிரித்தேன். ஐந்து பேரும் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். கடைசிப் படத்தை மேலே வைத்து நீட்டினேன். மனசுக்குள் ஒரு நப்பாசை.

"ஐய, இதா?" என்றார் அக்கா.

"உன் சட்டையப் பாருக்கா. உன் வூட்டுக்காரரு சட்டதானே அது?" என்றார் ஒருவர்.

"இது என் முதுகு. இதுவும் என் முதுகு. எனக்கு மூஞ்சியே இல்லியா சார்?" என்றார் இன்னொருவர்.

"எத்தினி வருசமா எத்தினி பேரு எடுத்துட்டுப் போனாங்க," என்றார் அக்கா, "ஒருத்தரும் கொண்டாந்து காட்டினதில்ல. நீதான் காட்டியிருக்கிற. எல்லாரும் இப்பிடித்தான் எடுத்துட்டுப் போயிருக்கிறாங்களா? அழுக்குச் சட்டையோட?"

"அக்கா, இது கலை. இந்த நிழல் விழுறதப் பாருங்க..."

"நெழல உடு சார். ஒழுங்கா எடுத்துக் குடு. ஞாயித்துக்கெழம லீவு. பட்டுப் பொடவ கட்டிக்கினு வர்றோம். அஞ்சு பேரும் ஒண்ணா, அப்புறம் தனித்தனியா. பின்னாடி ஒரு பூப் போட்ட ஸ்கிரீன் கட்டிடு."

"ஸ்கிரீன் கட்டினா உப்பளமே தெரியாதேக்கா!"

"தெரிய வேணாமே. நாங்கதான் தெனம் பாக்குறமே."

நான் உதவிக்கு மனைவியைப் பார்த்தேன். அவள் போனை எடுத்து, அந்த இடத்திலேயே, அவர்கள் முன்னாலேயே தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், மாமா ஒன்னாந்தேதி வர மாட்டாரு. அவருக்கு வேலை இருக்குது... என்னா வேலையா? போட்டோ எடுக்கிற வேலை... இல்லடா, அஞ்சு பேரு காத்திருக்காங்க. அவங்களுக்கு எடுத்துக் குடுக்காம அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது... எப்ப முடியும்னு அவங்கதான் சொல்லணும்."

எனக்குச் சந்தோஷமா, இல்லையா என்று அன்றைக்குத் தெரியவில்லை. மண்டபம் போனது. அந்த இடத்துக்கு இந்த ஐந்து பேரின் நிர்வாகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, பழுது பார்த்த கேமரா, நாலாவது ரோல், எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து அவிழ்த்துக்கொண்டு போன ரோஜாப்பூ திரைச்சீலை. இரண்டு மூங்கில் கழியில் கட்டி நட்டால் கடல் காற்று அதைப் படகுப் பாய் மாதிரி இழுத்தது. ஒரு கழியை மனைவி பிடித்துக்கொண்டாள், இன்னொன்றை ஆட்டோக்காரர். ஐந்து பேரும் பட்டுப் புடவையில், பவுடர் பூசி, மல்லிகை வைத்து, கையை நீட்டி ஒட்டிக்கொண்டு, ஆதார் அட்டைக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். கூடையோடு அவ்வளவு லாவகமாகத் திரும்பின அக்கா, மரம் மாதிரி நின்றார். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. எல்லார் கண்ணுக்குக் கீழேயும் கறுப்பு நிழல். பத்து மீட்டர் தள்ளி உப்புக்குவியல்கள் வரிசையாக, அத்தனை அழகாக, ஒருத்தருக்கும் வேண்டாததாக மினுங்கிக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் சிரிங்கக்கா," என்று கெஞ்சினேன்.

"எதுக்கு?"

லென்ஸைத் துடைத்துக்கொண்டேன்.

"அவங்க எப்படி நிக்கிறாங்களோ அப்படியே எடுங்க," என்றாள் மனைவி திரைக்குப் பின்னால் இருந்து. "எனக்குக் கை கடுக்குது."

எடுத்தேன். அக்கா அசையாமல், உதட்டைப் பிரிக்காமல் சொன்னார்: "இன்னொண்ணு எடு சார். நான் கண்ண மூடிட்டேன்."